ஒரு பகலில் நடந்து முடிக்கும் நகரம்: யார்க்கின் பத்தொன்பது நூற்றாண்டுகள்

இங்கிலாந்தின் வடபகுதியில், ஊஸ் ஆறும் ஃபாஸ் ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது யார்க். லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் காலையில் ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். இரவுக்குள் வீடு திரும்பும் எண்ணத்தோடு கணவனும் மனைவியுமாக வந்து இறங்குபவர்கள் அந்த நிலையத்தில் அன்றாடக் காட்சி. நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பசும்புல் மூடிய மண்மேடும் அதன்மேல் ஓடும் வெண்கல் மதிலும் எதிரே நிற்கும். அந்த மதிலுக்குள் ரோமானியர் கோட்டை, வைக்கிங்குகளின் பட்டறைகள், இடைக்காலப் பேராலயம், கசாப்புக்காரர்களின் தெரு, பதினெட்டாம் நூற்றாண்டுச் செல்வர்களின் நடன மண்டபம் எல்லாம் கால்நடையாகச் சென்று பார்க்கும் தூரத்திலேயே அடங்கியிருக்கின்றன. ஒரு காலத்தில் லண்டனுக்கு அடுத்த வரிசையில் வைத்து எண்ணப்பட்ட நகரம், ஒரே பகலில் சுற்றிவிடக்கூடிய அளவிலேயே நின்றுபோனது ஏன் என்பதற்கான விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. பெருமைக்குரிய காலங்களைவிட, அந்த விடையில் நகரம் நலிந்துகிடந்த காலங்களுக்கே பங்கு அதிகம்.

கி.பி. 71இல் ஆளுநர் குவின்டஸ் பெட்டிலியஸ் செரியாலிஸ், ஒன்பதாம் படையணியை வடக்கே நடத்திவந்து இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டில் கோட்டை அமைத்தார். வடபுலத்துப் பிரிகாண்டிய மக்களை அடக்கிவைப்பதே நோக்கம். ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பு, 5,000 வீரர்களுக்கு இடம், நேர்கோட்டில் வெட்டிக்கொள்ளும் தெருக்கள். எபோராகம் என்று அதற்குப் பெயர். கடலிலிருந்து படகுகள் ஊஸ் ஆற்றின் வழியே கோட்டை வாசல் வரை வர முடிந்ததால் உணவும் படைக்கலமும் தடையின்றி வந்து சேர்ந்தன. ஆற்றின் மறுகரையில் வணிகரும் ஓய்வுபெற்ற வீரரும் குடியேறிய ஊர் வளர்ந்தது. இன்று பேராலயத்துக்கு இட்டுச்செல்லும் ஸ்டோன்கேட் தெருவும், அதன் குறுக்கே போகும் பீட்டர்கேட் தெருவும் ரோமானியக் கோட்டையின் இரு முதன்மைச் சாலைகளின் தடத்திலேயே கிடக்கின்றன. கடையில் காபி வாங்கிக்கொண்டு ஸ்டோன்கேட்டில் நடப்பவரின் காலடியில், சில மீட்டர் ஆழத்தில், படையணிகள் நடந்த பாதை இருக்கிறது.

ரோமப் பேரரசின் தலைவிதி இரண்டு முறை இந்தக் கோட்டையைத் தொட்டது. ஆப்பிரிக்காவில் பிறந்த பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் வடக்கே போர் நடத்த வந்து இங்கே தங்கி, 211 பிப்ரவரியில் இங்கேயே இறந்தார். கான்ஸ்டான்டியஸ் குளோரஸ் என்ற பேரரசர் 306 ஜூலையில் இறந்ததும் இங்கேதான். உடனிருந்த அவருடைய மகன் கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் அங்கேயே பேரரசராக அறிவித்தார்கள். கிறித்தவத்துக்குப் பேரரசின் ஆதரவைத் தந்து ஐரோப்பாவின் போக்கையே மாற்றியவர் அவர். பேராலயத்தின் தென்வாசலுக்கு அருகே அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. அதற்கு எதிரே நிற்கும் கல்தூண், கோட்டையின் தலைமையகக் கூடத்தைத் தாங்கிய தூண்களில் ஒன்று. பேராலயத்தின் அடித்தளத்தைப் பலப்படுத்த 1967 முதல் 1972 வரை நடந்த வேலையின்போது மண்ணுக்கடியில் கிடைத்தது. அருங்காட்சியகத் தோட்டத்தில் பல்கோணக் கோபுரம் ஒன்றும் நிற்கிறது. அதன் கீழ்ப்பகுதியின் சிறு கற்கள் ரோமானியர் வைத்தவை, மேற்பகுதியின் பெருங்கற்கள் இடைக்காலத்தவர் வைத்தவை. கூர்ந்து பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி ஒரே சுவரில் தெரியும்.

ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமானியப் படைகள் பிரிட்டனை விட்டு அகன்றபின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு நகரைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. 627ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் நார்த்தம்பிரிய மன்னர் எட்வின் இங்கே பாலினஸ் என்ற ஆயரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதற்கென்று அவசரமாகக் கட்டிய சிறு மரக்கோயிலே இன்றைய பேராலயத்தின் முதல் முன்னோடி. அடுத்த நூற்றாண்டில் பேராலயப் பள்ளியும் நூலகமும் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றன. அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான அல்குயினைப் பிராங்கிய மன்னர் சார்லமேன் தம் அரசவைக்கு அழைத்துக்கொண்டார்.

866 நவம்பரில் டேனிய வைக்கிங் படை நகரைப் பிடித்தது. வைக்கிங் என்றதும் கொள்ளையும் தீவைப்பும் மட்டுமே நினைவுக்கு வரும் நிலையை மாற்றியதில் யார்க் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. கோப்பர்கேட் தெருவில் பழைய மிட்டாய் ஆலை இருந்த இடத்தில் 1976 முதல் 1981 வரை யார்க் தொல்லியல் அறக்கட்டளை அகழாய்வு நடத்தியது. அந்த மண் ஈரம் நிறைந்தது, காற்றுப் புகாதது. அதனால் மற்ற இடங்களில் மட்கிப்போகும் மரமும் தோலும் துணியும் இங்கே ஆயிரம் ஆண்டு கழித்தும் உருக்குலையாமல் வெளிவந்தன. பத்தாம் நூற்றாண்டு வீடுகளின் பின்னல் சுவர்கள் இடுப்பளவு உயரத்துக்கு நின்றன. கடைசல் இயந்திரத்தில் கடைந்த மரக்கிண்ணங்கள், மான்கொம்புச் சீப்புகள், நாணயம் அச்சிடும் அச்சுகள், பனியில் சறுக்க எலும்பில் செய்த காலணித் தகடுகள் என ஏறக்குறைய 40,000 பொருட்கள் கிடைத்தன. பட்டுத்தொப்பி ஒன்றும், செங்கடல் பகுதிச் சோழி ஒன்றும், மத்திய ஆசியாவின் சமர்கண்ட் நாணயத்தைப் போலச் செய்த போலி ஒன்றும் அவற்றில் அடங்கும். யோர்விக் என்று வைக்கிங்குகள் அழைத்த இந்த ஊர், ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஆசியாவின் உட்பகுதி வரை நீண்ட வணிக வலையில் ஒரு கண்ணியாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அரசர் பட்டியலில் எங்கும் இடம்பெறாத மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் அந்தச் சேறுதான் காட்டியது. தெருவை நோக்கிய குறுகிய முகப்பும் பின்னால் நீண்டு செல்லும் மனையுமாக வீடுகள் வரிசையாக நின்றன. முன்புறம் கடை, உள்ளே பட்டறை, பின்புறம் கிணறும் கழிவுக்குழியும் அருகருகே. குழிகளில் எடுத்த மண்ணில் குடற்புழு முட்டைகள் ஏராளமாக இருந்தன. மக்கள் நெருக்கத்திலும் நோயிலும் உழன்றார்கள். ஆனாலும் அவர்கள் கையால் செய்த சீப்பிலும் கிண்ணத்திலும் அழகு குறையவில்லை. பத்தாம் நூற்றாண்டில் வேலியிட்டுப் பிரித்த மனை எல்லைகள் சில, ஏறக்குறைய மாறாமல் இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்து வந்திருந்தன. 1984இல் அதே இடத்தில், தோண்டிய மட்டத்திலேயே யோர்விக் வைக்கிங் மையம் திறக்கப்பட்டது. சிறு வண்டியில் அமர்ந்து, மீண்டும் உருவாக்கிய தெருவினூடே அதன் வாசனைகளோடும் ஓசைகளோடும் போகும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் பொருளை வைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டும் அருங்காட்சியக வழக்கத்துக்கு அது பெரிய மாற்றாக அமைந்தது.

வைக்கிங் அரசர்களில் கடைசியானவர், 'இரத்தக் கோடரி' எரிக், 954இல் துரத்தப்பட்டார். அதன்பின் நகரம் இங்கிலாந்து அரசில் அடங்கியது. நார்மண்டி வில்லியம் 1066இல் நாட்டைக் கைப்பற்றியபோது வடபகுதி எளிதில் பணியவில்லை. 1068இல் யார்க்கில் ஒரு கோட்டையும் அடுத்த ஆண்டு ஆற்றின் மறுகரையில் இன்னொன்றும் எழுப்பினார். நகரின் ஏழு பகுதிகளில் ஒன்று கோட்டைக்காகவே இடித்து வெறுமையாக்கப்பட்டது. 1069இல் டேனியக் கப்பற்படையின் துணையோடு மக்கள் எழுந்தபோது வில்லியம் கொடுத்த தண்டனை வடக்கு முழுவதையும் சுட்டது. ஊர்கள் எரிந்தன, தானியமும் கால்நடையும் அழிக்கப்பட்டன, 1070இன் குளிர்காலத்தில் பட்டினி பரவியது.

அந்த முதல் கோட்டைமேட்டின்மேல் இன்று நிற்பது கிளிஃபர்டு கோபுரம். நான்கு இதழ் வடிவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய கல்கோபுரம் அது. அதற்கு முன்பு அங்கே மரக்கோபுரம் இருந்தது. அது எரிந்த இரவு இங்கிலாந்தின் வரலாற்றிலேயே கொடியவற்றுள் ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யார்க்கில் யூதர் குடியிருப்பு இருந்தது. கிறித்தவர்கள் வட்டிக்குக் கடன் கொடுப்பதைத் திருச்சபை தடுத்திருந்ததால், கடன் கொடுக்கும் தொழில் பெரும்பாலும் யூதர் கையில் இருந்தது. அவர்கள் அரசரின் பாதுகாப்பில் இருந்தார்கள், அரசருக்கு வரியும் கட்டினார்கள். ரிச்சர்டு மன்னர் சிலுவைப் போருக்குக் கிளம்பியிருந்த 1190இல் யூத வெறுப்பு ஊர் ஊராகப் பற்றியது. யார்க்கில் அதை ஊதிவிட்டவர்களில் யூதரிடம் பெருங்கடன் பட்டிருந்த நிலக்கிழார்களும் இருந்தார்கள். ரிச்சர்டு மலெபிஸ் என்பவர் அவர்களில் முதன்மையானவர்.

உயிருக்குப் பயந்த யூதக் குடும்பங்கள், ஏறத்தாழ 150 பேர், கோட்டைக் கோபுரத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கூட்டம் முற்றுகையிட்டது. மார்ச் 16ஆம் நாள் இரவு, தப்ப வழியில்லை என்று தெரிந்தபோது, பிரான்சின் ஜுவாஞி ஊரிலிருந்து வந்திருந்த ரபி யோம் தோவ், கூட்டத்தின் கையில் சாவதைவிடத் தாமே உயிர்விடுவது மேல் என்று சொன்னார். பலர் மனைவி மக்களைத் தம் கையாலேயே கொன்று தாமும் மாண்டார்கள். கோபுரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. மதம் மாறினால் உயிர்ப்பிச்சை கிடைக்கும் என்ற வாக்கை நம்பி விடியலில் வெளியே வந்தவர்களைக் கூட்டம் வெட்டிக் கொன்றது. அதோடு நிற்காமல் பேராலயத்துக்குப் போய், அங்கே காப்பில் இருந்த கடன் பத்திரங்களை எடுத்துத் தரையிலேயே குவித்து எரித்தது. வெறுப்பு எதற்குப் போர்வையாக இருந்தது என்பதை அந்த நெருப்பு காட்டிவிட்டது. 1290இல் யூதர்கள் இங்கிலாந்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். கோபுரத்தின் அடியில் நினைவுக்கல் வைக்கப்பட்டது 1978இல்தான். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு தாமதம் என்பது சிறிய குற்றமல்ல.

பதின்மூன்று முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை யார்க் அதன் உச்சத்தில் இருந்தது. வடக்கின் கம்பளித் துணி இங்கிருந்து ஊஸ் வழியாக ஹல் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கடல்கடந்தும் போனது. மதில்களில் இன்று நிற்பதன் பெரும்பகுதி இந்தக் காலத்தது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளம். இங்கிலாந்தில் எஞ்சியுள்ள இடைக்கால நகர மதில்களில் மிக நீளமானது. மிக்கிள்கேட், பூத்தம், மங்க், வால்ம்கேட் என்று நான்கு பெரிய வாயில்கள். லண்டன் சாலை வந்து சேரும் மிக்கிள்கேட் வாயிலில்தான் அரசர்களை வரவேற்பார்கள். துரோகிகளின் தலைகளைக் கழியில் குத்திவைத்ததும் அதே வாயிலில்தான். 1460இல் வேக்ஃபீல்டு போரில் கொல்லப்பட்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலை காகிதக் கிரீடம் சூட்டப்பட்டு அங்கே வைக்கப்பட்டது. கிழக்குப் பக்கத்தில் மதில் ஒரு நீளத்துக்கு இல்லாமலே இருப்பதைக் கண்டு இடிந்துவிட்டது என்று பலர் எண்ணுவார்கள். அங்கே மதில் கட்டப்படவே இல்லை. வில்லியம் காலத்தில் ஃபாஸ் ஆற்றை மறித்து உண்டாக்கிய அரசரின் மீன்குளம் சதுப்பாகப் பரந்து கிடந்ததே அந்தப் பக்கத்துக்குக் காவலாக இருந்தது.

நகரின் செல்வமெல்லாம் திரண்டு நிற்பது பேராலயத்தில். பேராயர் வால்ட்டர் டி கிரே 1220 அளவில் தொடங்கிவைத்த இன்றைய கட்டடம் 1472இல்தான் முழுமை பெற்றுப் புனிதப்படுத்தப்பட்டது. நடுவே 1407இல் மையக் கோபுரம் இடிந்தும் விழுந்தது. நீளம் ஏறத்தாழ 158 மீட்டர். ஆனால் யார்க் மின்ஸ்டர் எனப்படும் இதை மற்றப் பேராலயங்களிலிருந்து தனித்து நிறுத்துவது கல் அல்ல, கண்ணாடி. வடபுறத்தில் 'ஐந்து சகோதரிகள்' என்று அழைக்கப்படும் ஐந்து ஒடுங்கிய சாளரங்கள் பதினாறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. 1250களில் செய்த அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள், பெரும்பாலும் சாம்பல், இளம்பச்சை நிறத்தில். உருவம் எதுவும் இல்லாத அந்த வடிவக் கோலத்தின் வழியே வரும் ஒளிக்கு ஈடாக அந்தக் கட்டடத்தில் வேறொன்றில்லை. 1925 முதல் அது முதல் உலகப் போரில் உயிர்விட்ட பேரரசுப் பெண்களின் நினைவுச் சின்னமாகவும் இருக்கிறது.

கிழக்குப் பெருஞ்சாளரம் வேறு வகை. கவன்ட்ரி ஊரைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405இல் ஒப்பந்தம் செய்து 1408இல் முடித்துக் கொடுத்தார். உலகப் படைப்பு மேலே, உலக முடிவு கீழே. நடுவே விவிலியக் காட்சிகள். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்புக்கு நிகரான அந்தச் சாளரத்துக்கு அவர் பெற்ற கூலி 56 பவுண்டு. குறித்த காலத்தில் முடித்ததற்கான ஊக்கத்தொகையும் அதில் அடக்கம். கைவினைஞரின் பெயரும் ஒப்பந்தமும் கூலியும் தெரிய வருவது அந்தக் காலத்துக்கு அரிது. இந்தக் கண்ணாடி இரண்டு உலகப் போர்களிலும் கழற்றப்பட்டுக் காப்பாற்றப்பட்டது. 2008இல் தொடங்கிய புதுப்பிப்பில் அதன் 311 பலகங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, ஈயச்சட்டம் மாற்றிப் பொருத்தினார்கள். பத்தாண்டு பிடித்தது. தார்ன்டன் தம் உதவியாளர்களோடு மூன்றாண்டில் செய்ததைக் காப்பாற்ற மட்டுமே இத்தனை காலம் தேவைப்பட்டது.

அதே செல்வத்தின் இன்னொரு முகம் தெருவில் தெரிந்தது. கார்ப்பஸ் கிறிஸ்டி திருவிழாவன்று நகரின் தொழிற்சங்கங்கள், அதாவது கில்டுகள், விவிலியத்தின் கதையை உலகப் படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை ஏறக்குறைய 48 சிறு நாடகங்களாக நடித்தன. 1376ஆம் ஆண்டு ஆவணத்தில் அதற்கான வண்டிகள் முதன்முதலாகக் குறிப்பிடப்படுகின்றன. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கதை, ஒரு தேர்வண்டி. கப்பல் கட்டுவோர் நோவாவின் பேழையைக் கட்டினார்கள். மீனவரும் மாலுமிகளும் பெருவெள்ளத்தை நடித்தார்கள். இறுதி இராவுணவு ரொட்டி சுடுவோருக்கு. இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்வோருக்கு. அவரவர் தொழிலின் கைப்பக்குவமே மேடையில் நடிப்பாக வந்தது. அதிகாலை நாலரை மணிக்கு மிக்கிள்கேட்டில் தொடங்கி, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரெங்கும் குறித்த பன்னிரண்டு இடங்களில் நின்று நடித்துக்கொண்டே இருட்டிய பின்னும் போகும். ஆளுக்குப் புனிதம், சங்கத்துக்குச் செலவு, ஊருக்குத் திருவிழா. மதச் சீர்திருத்தத்தின் பின் 1569இல் கடைசியாக நடந்து நின்றுபோன இந்த நாடகங்களை 1951இல் செயின்ட் மேரி மடத்தின் இடிபாடுகளுக்கிடையே மறுபடி மேடையேற்றினார்கள். யார்க்கில் பிறந்த நடிகை ஜூடி டென்ச் இளமையில் அவற்றில் நடித்தவர்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துணித் தொழில் கைநழுவத் தொடங்கியது. யார்க்கின் சங்கக் கட்டுப்பாடுகளும் கட்டணங்களும் இல்லாத மேற்கு மலைச்சரிவு ஊர்களில், விரைந்தோடும் ஓடைகளின் பக்கத்தில், நெசவு மலிவாக நடந்தது. லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ், வேக்ஃபீல்டு வளர யார்க் தேய்ந்தது. அடுத்த அடி அரசரிடமிருந்து வந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததை எதிர்த்து 1536இல் வடக்கு எழுந்தது. தலைவர் ராபர்ட் ஆஸ்கை அடுத்த ஆண்டு யார்க் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். வடக்கின் மிகச் செல்வமிக்க மடங்களுள் ஒன்றான செயின்ட் மேரி மடம் 1539இல் மூடப்பட்டது. அதன் மொட்டைச் சுவர்கள் இன்று தோட்டத்தில் நிற்கின்றன. மடங்களோடு அவை கொடுத்த வேலையும், வாங்கிய பொருளும், நடத்திய மருத்துவமனைகளும் போயின.

ஷாம்பிள்ஸ் தெருவை அந்தக் காலத்தின் சாட்சி எனலாம். கசாப்புக் கடைகளின் தெரு அது. பதினைந்தாம் நூற்றாண்டு மர வீடுகள் மாடிக்கு மாடி முன்னால் தள்ளி, வானத்தை ஒரு கீற்றாக ஒடுக்கி நிற்கின்றன. வெயில் படாமல் இறைச்சி கெடாதிருக்க அந்த நிழல் உதவியது. கடை முகப்புகளில் இறைச்சி மாட்டிய கொக்கிகளும் பரப்பிவைத்த பலகைகளும் இன்னும் இருக்கின்றன. மார்கரெட் கிளித்தெரோ இந்தத் தெருவின் கசாப்புக்காரர் ஒருவரின் மனைவி. கத்தோலிக்கக் குருக்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்த குற்றத்துக்காக 1586இல் பிடிபட்டார். விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளையே சாட்சி சொல்ல வைப்பார்கள் என்பதால் நீதிமன்றத்தில் வாதாட மறுத்தார். அப்படி மறுப்பவர்களுக்கு அன்றைய சட்டம் விதித்த தண்டனை, உடலின்மேல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்வது. மார்ச் 25ஆம் நாள், ஊஸ் பாலத்தில் அது நிறைவேற்றப்பட்டது. 1970இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நாடாளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற வெடிமருந்துச் சதியின் கை ஃபாக்ஸும் அதே பதினாறாம் நூற்றாண்டு யார்க்கின் பிள்ளைதான். 1570இல் பேராலயத்தை ஒட்டிய செயின்ட் மைக்கேல் லி பெல்ஃப்ரி கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்.

உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பிலிருந்த யார்க்கை நாடாளுமன்றப் படை 1644இல் முற்றுகையிட்டது. ஜூலை 2ஆம் நாள் மார்ஸ்டன் மூர் போரில் மன்னர் படை தோற்க, இரு வாரத்தில் நகரம் பணிந்தது. நாட்டின் மற்ற இடங்களில் வென்ற படைகள் கோயில் கண்ணாடிகளை நொறுக்கின. யார்க்கில் அது நடக்கவில்லை. முற்றுகையிட்ட படைத்தலைவர்களில் ஒருவரான ஃபேர்ஃபாக்ஸ் யார்க்‌ஷயர்க்காரர். சரணடையும் விதிகளில் கோயில்களைப் பாதுகாக்கும் உறுதி எழுதப்பட்டது, அது காக்கவும் பட்டது. இங்கிலாந்தில் எஞ்சிய இடைக்காலக் கண்ணாடியின் மிகப் பெரிய தொகுப்பு இந்த ஊரில் இருப்பதற்கு அந்த உறுதி முக்கியமான காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் யார்க் வேறொரு தொழிலைக் கண்டுகொண்டது: செல்வர்களை மகிழ்விப்பது. வடக்கின் நிலக்கிழார்கள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வீடு கட்டினார்கள். நேவ்ஸ்மயர் வெளியில் குதிரைப் பந்தயம், பர்லிங்டன் பிரபு வடிவமைத்த தூண் மண்டபத்தில் நடனம். அதே நேவ்ஸ்மயரில் 1739இல் வழிப்பறிக்காரன் டிக் டர்பினைத் தூக்கிலிட்டார்கள். 1796இல் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர் வில்லியம் டியூக் ஊருக்கு வெளியே நிறுவிய ரிட்ரீட் என்ற இல்லம் மனநோயாளரைச் சங்கிலியில் கட்டுவதை விடுத்து, அன்போடும் மரியாதையோடும் நடத்தியது. உலகின் மனநல மருத்துவத்துக்கு யார்க் அளித்த கொடை அது.

நகர மாளிகைகளைச் செங்கல்லால் அழகுபடுத்திய நகராட்சிக்கு மதில்கள் மட்டும் பாரமாகத் தெரிந்தன. பழுதுபார்க்கச் செலவு, வண்டிகளுக்கு இடைஞ்சல். 1800இல் அவற்றை இடிக்க நாடாளுமன்ற அனுமதி பெற முயன்றது. எதிர்ப்பு கிளம்பியதால் முழு இடிப்பு நடக்கவில்லை. ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டில் சில துண்டுகளும், நான்கு வாயில்களில் மூன்றின் முன்காவல் கட்டுமானங்களும் போய்விட்டன. வால்ம்கேட் வாயிலில் மட்டும் அது தப்பியது. இங்கிலாந்தில் எந்த நகர வாயிலிலும் அப்படி முழுமையாக நிற்பது வேறில்லை. இந்தப் போராட்டத்தில் யார்க்கில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டியின் குரல் ஓங்கி ஒலித்தது. மதில்மேல் நடைபாதை அமைக்க ஊர்மக்கள் பணம் திரட்டினார்கள். இடிப்பதற்கு இருந்த ஒன்றை நடப்பதற்கு உரியதாக மாற்றிய அந்த யோசனைதான் மதிலைக் காப்பாற்றியது என்பதே சரியான கணிப்பு.

யார்க் பணக்கார ஊராக இருந்திருந்தால் இந்த வாதமெல்லாம் எடுபட்டிருக்காது. மான்செஸ்டரிலும் லீட்ஸிலும் பழைய தெருக்களை ஆலைகள் விழுங்கிய அதே காலத்தில், யார்க்கில் ஆலைக்கு நிலக்கரியும் இல்லை, ஓடைவேகமும் இல்லை. வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப் போதிய பணம் பெரும்பாலோரிடம் இல்லை. மர வீட்டின் முகப்பில் செங்கல் ஒட்டிப் புதுமை காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே பழைய சட்டம் அப்படியே இருந்தது.

ரயில் 1839இல் வந்தது. முதல் நகர நிலையத்துக்காக 1841இல் மதிலில் வளைவு வெட்டி உள்ளே பாதை விட்டார்கள். ரயில் முதலாளி ஜார்ஜ் ஹட்சன், மேயராகவும் இருந்தவர், எல்லாப் பாதைகளும் யார்க்கைத் தொட்டுச் செல்ல வழிசெய்தார். கணக்கில் செய்த மோசடி 1849இல் அம்பலமாகி வீழ்ந்தார். 1877இல் திறந்த இன்றைய நிலையத்தின் வளைந்து செல்லும் இரும்புக் கூரை அந்த யுகத்தின் சிறந்த கட்டடங்களுள் ஒன்று. ரயில்பெட்டித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. நிலையத்தின் பின்னால் 1975இல் தேசிய ரயில் அருங்காட்சியகம் அமைந்தது. நீராவி வேகத்தில் 1938இல் உலகச் சாதனை படைத்த மல்லார்டு எஞ்சின் அங்கே இருக்கிறது.

இன்னொரு தொழில் சாக்லேட். அதன் வேர் 1725இல் மேரி டியூக் என்ற பெண் திறந்த மளிகைக் கடை. உரிமம் இல்லாமல் வணிகம் செய்கிறார் என்று வணிகர் சங்கம் அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது, அவர் விடவில்லை. அந்தக் குடும்பத்தின் கோகோ வியாபாரத்தை 1862இல் ஹென்றி ஐசக் ரௌன்ட்ரீ வாங்கினார். அண்ணன் ஜோசப் 1869இல் சேர்ந்தார். அவர்களும் குவேக்கர்கள். பழைய பல்கலைக்கழகங்களின் கதவு குவேக்கர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அடைத்தே இருந்ததால் வணிகமே அவர்களின் வழி. மதுவுக்கு மாற்றாகக் கோகோவைக் கருதியதால் அந்த வணிகத்தில் மனச்சாட்சியும் ஒத்துப்போனது. கிட்கேட், ஏரோ, ஸ்மார்ட்டீஸ் எல்லாம் 1930களில் ரௌன்ட்ரீ ஆலையில் பிறந்தவை. போட்டியாளரான டெர்ரி நிறுவனமும் அதே ஊரில் ஆரஞ்சு வடிவச் சாக்லேட்டைச் செய்தது. ஜோசப்பின் மகன் சீபோம் ரௌன்ட்ரீ யார்க்கின் தொழிலாளர் வீடுகளை வீடு வீடாக ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட நூல், ஊர்மக்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் வறுமையில் இருப்பதாகக் காட்டியது. சோம்பலும் குடியும்தான் வறுமைக்குக் காரணம் என்று பேசிவந்தவர்களின் முன், கூலி போதவில்லை என்ற உண்மையை எண்களோடு வைத்தது. பிரிட்டனின் பிற்காலச் சமூகநலச் சட்டங்களுக்கு அடி எடுத்துக்கொடுத்த ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

நெருப்பு இந்த ஊரை அடிக்கடி தேடி வந்தது. 1829இல் ஜொனாதன் மார்ட்டின் என்பவர் பேராலயத்துக்குத் தீ வைத்தார். 1942 ஏப்ரல் 29இன் ஜெர்மானியக் குண்டுவீச்சில் பதினைந்தாம் நூற்றாண்டு நகர மண்டபம் கூரை இழந்தது. 70க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1984 ஜூலை 9 அதிகாலையில் பேராலயத்தின் தென்பகுதிக் கூரை எரிந்து விழுந்தது. மின்னல் காரணம் என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிவு. ரோஜாச் சாளரத்தின் கண்ணாடி ஆயிரக்கணக்கான விரிசல் விட்டும் விழவில்லை. புதிய கூரையின் மரக்குமிழ்களில் ஆறு, தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சிறுவர்கள் வரைந்த வடிவங்கள். நிலவில் மனிதன் கால்வைத்ததும் அவற்றில் ஒன்று.

போருக்குப் பின் வந்த ஆபத்து மோட்டார் வண்டி. மதிலை ஒட்டி அகன்ற சுற்றுச்சாலை போடும் திட்டத்தை 1970களில் ஊர்மக்கள் திரண்டு எதிர்த்து நிறுத்தினார்கள். 1968இல் ஈஷர் பிரபு தயாரித்த அறிக்கை, மதிலுக்குள் வண்டியைக் குறைத்து மக்கள் மீண்டும் குடியிருக்க வழிசெய்யவேண்டும் என்றது. மையத் தெருக்கள் பலவற்றில் பகலில் வண்டி ஓடாத ஏற்பாடு பின்னாளில் வந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் பணமில்லாததால் தப்பிய நகரம் இம்முறை வேண்டுமென்றே முடிவெடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டது.

அதற்குள் தொழில்கள் ஒவ்வொன்றாகப் போயின. ரௌன்ட்ரீயை 1988இல் நெஸ்லே வாங்கியது. ரயில்பெட்டி ஆலை 1996இல் மூடப்பட்டது, டெர்ரி ஆலை 2005இல். இன்று ஊரைத் தாங்கும் பெரிய தொழில்களுள் முன்னிற்பது சுற்றுலா. 1872இல் 25 கசாப்புக் கடைகள் இருந்த ஷாம்பிள்ஸில் இப்போது ஒன்றுகூட இல்லை. மிட்டாய், மந்திரக்கோல், நினைவுப்பொருள் விற்கும் கடைகள் அவற்றின் இடத்தில் இருக்கின்றன. மாடியறைகளில் குடியிருந்த குடும்பங்கள் மதிலுக்கு வெளியே நகர்ந்துவிட, பல வீடுகள் ஓரிரவு தங்குவோருக்கு வாடகைக்குப் போகின்றன. ஆண்டு முழுவதும் வரும் பகல்பயணிகளின் வருமானம் இல்லாமல் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க முடியாது. அவர்களுடைய கூட்டம் மிகும்போது ஊர்க்காரர் வாழ இடமில்லாமல் போகிறது. இரண்டையும் எப்படிச் சரிக்கட்டுவது என்பதே யார்க் நகராட்சி இப்போது எதிர்கொள்ளும் முதன்மையான கேள்விகளுள் ஒன்று.